ஷாஹிதா ஆபாவும் அறுந்து அறுந்து போன ஆட்டமும்

ஸ்டெல்லா ஓசூரிலிருந்து கூப்பிட்டபோது நான் பள்ளிகொண்டாவில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஷாஹிதா ஆபா போய்ட்டாங்கடி. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், அவ்ளோதான்" என்றாள். "சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். தட்டில் மீதியிருந்த ரசம் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, தட்டையும் கழுவிவிட்டுத்தான் ஆம்பூர் பஸ் பிடித்தேன். இன்றுவரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எழுதினாலாவது உறைக்குமா என்று பார்க்கிறேன்.

ஷூ கம்பெனியில் எங்கள் தையல் பிரிவில் இருந்த உங்கள் எல்லோருக்கும் சூப்பர்வைசர் ஆபாவைத் தெரியும். உருதுவில் ஆபா என்றால் அக்கா, நம் எல்லோருக்கும் அவர் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் தோலில் சில்வர் பேனாவால் கட்டம் போட்டு ஆபா, கற்பகம், ஸ்டெல்லா, நான் என நால்வரும் லூடோ ஆடுவதையும் பார்த்திருப்பீர்கள். ஆபாவுக்குத் தோற்கவே பிடிக்காது. அவர் காயை வெட்டிவிட்டால் மதியம் முழுக்க நம் தையலில் குறை கண்டுபிடிப்பார்.

பிரிவை மூடியபின் ஆளுக்கொரு ஊராகப் போனோம். கற்பகம் திமிரிக்குப் போனாள். அங்கே அவள் கணவர் பைக் விபத்தில் இறந்தார். அதன்பின் அவள் யார் போனையும் எடுக்கவில்லை. நேரில் போனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஆபாதான் அவள் போனில் லூடோவை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். "பேச வேணாம். வந்து காய மட்டும் நவுத்து" என்றாராம். ஞாயிறு மாலைகளில் ஆபா ஆம்பூரிலிருந்து போனில் ஆட்ட அறையைத் திறப்பார், நாங்கள் மூவரும் நுழைவோம், ஆடிக்கொண்டே பேசுவோம். கற்பகம் வாய் திறக்கமாட்டாள். காய் மட்டும் நகரும். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு எங்களுக்கு அதுதான் தகவல்.

ஆனால் ஆட்டம் பாதியில் அறுந்தது. ஒவ்வொரு வாரமும். அறுந்தால் கற்பகம் போனை அணைத்துவிடுவாள். திரும்ப அவளைப் பிடிக்க நாள் கணக்காகும். ஆபாவுக்கு அந்தப் பயம் இருந்தது, பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். "வைஃபை பொட்டிய ஃப்ரிட்ஜ் மேல வெச்சிக்கினு கீற, சிக்னல் இன்னாத்துக்கு வரும்?" என்று என்னைத் திட்டினார். நான் இடம் மாற்றினேன். ஸ்டெல்லாவைப் புதுப் பெட்டியே வாங்கவைத்தார். இன்டர்நெட் கம்பெனி ஆளை வரவழைத்தோம். லைன் நன்றாக இருக்கிறது என்று டீ குடித்துவிட்டுப் போனார். ஆட்டம் மட்டும் அறுந்துகொண்டே இருந்தது. "சுத்த பேஜாரு" என்பார் ஆபா.

அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு சொன்னதும் ஆபா எழுந்துவிடுவார். "தொழுதுட்டு வர்றேன், என் ஆட்டத்த அதுவே ஆடும்" என்று போனை வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்தால் அறையே இருக்காது. எங்களுக்குத் திட்டு விழும்.

ஒரு ஞாயிறு ஆபாவுக்குத் தொழுகை இல்லாத நாள். எல்லாப் பெண்களுக்கும் மாதத்தில் வருகிற அந்த நாட்கள்தான். அதனால் பாங்கு நேரத்திலும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் மாமியார் நிதானமாக வந்து, பாங்கு நேரத்தில் டிவி ஓடக்கூடாதென்று ஸ்விட்சை அணைத்தார். வைஃபை பெட்டியும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. அறையைத் திறந்தவரின் லைன் போனால் அறையே மூடிக்கொள்ளும். தொழுகை முடிந்ததும் மாமியாரே மறுபடி போட்டுவிடுவார். ஆபா இத்தனை நாளும் உள்ளே தொழுதுகொண்டிருந்ததால் அதைப் பார்த்ததேயில்லை.

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். புதுப் பெட்டி வாங்கியவள் அவள்தானே. ஆபா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பொட்டிய வேற ஸ்விட்சுக்கு மாத்திட்டேன். ஆனா மாமி செய்றது சரிதான். பாங்கு நேரத்துல ஆட்டத்த நிறுத்திருவோம், யாரும் போவக்கூடாது" என்று உத்தரவு போட்டார்.

அடுத்த வாரம் ஆபா தொழப் போனார். ஆட்டம் நின்றது. நகர்த்தக் காய் இல்லாமல் நாங்கள் மூவரும் சும்மா இருந்தோம். அப்போதுதான் கற்பகம், "அவரு அன்னிக்கி சாப்டாம கெளம்பிட்டாருடி" என்றாள். கணவர் இறந்தபின் அவள் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அது. ஆபா திரும்பி வந்தபோதும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஆபா "யார் ஆட்டம்?" என்றுகூடக் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துப் போயிருந்தார்கள். கற்பகம் பெண்களுக்கு நடுவில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். யாரோடும் பேசாமல் எழுந்து போனாள். பிறகு போனையும் எடுக்கவில்லை. இவளும் போய்விட்டாள் என்றே முடிவுசெய்தேன். ஆபாவே இல்லாதபோது அவளை யார் பிடித்து இழுப்பது?

போன ஞாயிறு மாலை என் போனில் ஆட்டத்துக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. கற்பகம் அறையைத் திறந்திருந்தாள். மூவராக ஆடினோம். பாதியில் என் லைன் போனது. எனக்கு எழுந்து பார்க்கவும் தோன்றவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"எங்கடி போய்ட்ட? பொட்டில லைட்டு எரியுதா பாரு. வயர புடுங்கி மாட்டு. நீ வர்ற வரிக்கும் நாங்க இங்கதான் கீறோம்."

கற்பகம் கத்திக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் வயரைப் பிடுங்கி மாட்டினேன். அழுகை அப்போதும் வரவில்லை, திரும்ப ஆட்டத்தில் நுழைந்தேன். ஆபா எனக்கென்று எதை விட்டுப் போனார் என்று யாராவது கேட்டால், கற்பகத்தை என்று சொல்வேன்.