அப்பாவின் அரக்கு

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் காலையில் சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் காய்ச்சிப் பார்ப்பார். பச்சை என்றால் பரவாயில்லை. சிவந்தால் ஊசி மருந்தைக் கூட்ட வேண்டும். பட்டு நெய்கிறவர், அதனால் புடவை நிறமாகத்தான் படிப்பார்.

கல்யாண வீட்டில் ஜிலேபி தின்ற மறுநாள், "கிளிப்பச்சை" என்றார்.

"பொய் சொல்லிகினு இருக்காதீங்க. இது அரக்குச் சிவப்பு" என்றாள் அம்மா.

"சாயத்தைப் பத்தி எனக்கே சொல்றியா?"

அம்மா பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டுக் குழாயை நீட்டினாள். உள்ளே இருப்பது என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அசல் அரக்கு. எங்க சாயம் போட்ட, அண்ணே?"

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, டாக்டர் சொன்னபடி மருந்தைக் கூட்டி, முகம் சுளிக்காமல் தொடையில் குத்திக்கொண்டார்.

"ஆனா, ஜிலேபி நல்லா இருந்துச்சிடி."