ஆள் நிற்காத அடுப்பு

மாட்டை வெட்டுகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தத் துண்டை எடுத்துக்கொள்வார்? போன வருடம் யாராவது என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். தைமியம்மாவுக்கும், அந்த ஊர்ப் பேச்சில் மேமே தைமிக்கும், அப்போது பதில் தெரியாது. தெரிந்துகொண்டே ஆகவேண்டிய நாள் அவளுக்கு வந்தது.

கட்டுதுரா என்ற நகர்ப்பகுதியில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள சந்தையில் தைமி பதினான்கு வருடமாகக் கப்பானா என்ற சுட்ட கறி விற்கிறாள். அரைப் பீப்பாயில் முள்மரக் கட்டை எரியும், மேலே கம்பி வலை, வலையில் மாட்டிறைச்சி. வெந்ததும் விரல் விரலாக நறுக்கி ஓரத்தில் தள்ளுவாள். வந்தவர்கள் நின்றபடியே எடுத்து, மிளகாயும் உப்பும் கலந்த பொடியில் புரட்டித் தின்பார்கள். முதல் துண்டு சும்மா. பிடித்திருந்தால் நிற்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த அடுப்புக்குப் போவார்கள். அப்படிப் போகிறவரைக் கூப்பிடக் கூடாது. அடுத்தவர் அடுப்பருகே போய் ஆள் பிடிப்பது அதைவிடக் கேவலம். இதெல்லாம் எங்கேயும் எழுதிவைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

எழுதிவைத்த சட்டம் ஒன்றுதான். வாங்கித் தின்ன மூன்று நாள் தொடர்ந்து ஆள் நிற்காத அடுப்பு, பெயர் கொடுத்துக் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்த வருடம் இரண்டாவது முறையாக மழை பொய்த்திருந்தது. புல் இல்லாததால் அதற்கு முந்தைய வருடமே மாட்டையெல்லாம் விற்றுவிட்டார்கள். இப்போது வெட்டுவதற்கு மாடு குறைவு, விலை கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. தைமியோடு சேர்ந்து முன்னங்கால் பாகத்தைப் பங்குபோட்டு வாங்கிவந்த ஔனே, தாய்க்கு உடம்பு சரியில்லை என்று வடக்கே போய்விட்டாள். தனியாக ஒரு பாகத்தை வாங்கத் தைமிக்கு வக்கில்லை. திங்கட்கிழமை அடுப்பு பற்றவில்லை. செவ்வாய்க்கிழமையும் பற்றவில்லை.

செவ்வாய் மத்தியானம் சந்தைக் குழுத் தலைவி செல்மா வந்து, பீப்பாய்க்குள் கையை விட்டுச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தாள்.

"சில்லுனு இருக்கு தைமி."

"தெரியும் மேமே செல்மா."

"நாளைக்கு ஒரு மணிக்கு வருவேன். ஆள் நிக்கணும். நெருப்ப மட்டும் மூட்டி வச்சு எனக்குக் கண்ணக் கட்டாத."

பக்கத்து அடுப்புக்காரன் ஃபிலேமோன் கத்தியைத் தீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுடைய மைத்துனனுடையது.

"கவலப்படாத மேமே," என்றான். "இடம் போனாலும் எங்க அடுப்புல வந்து குளிர் காயலாம்."

இடம் போனால் தைமிக்குச் சாலையோரம்தான். அங்கே நகராட்சி வண்டி வந்தால் பீப்பாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு நாளாக வெறும் கம்புக் களியை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் பையில் அந்த நாட்டுக் காசில் அறுபது டாலர்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறைச்சிக் கூடத்துக்கு நடந்தாள்.

அறுபது டாலருக்கு எலும்பு கேட்டாள். எலும்பு தீர்ந்துவிட்டது என்றார்கள். கொழுப்பு கேட்டாள். "அதையும் சோப்புக்காரன் வாங்கிட்டான்," என்றார்கள். வெளியே வந்தவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கட்டடத்தைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம் தண்ணீர்க் குழாயருகே வெட்டும் ஆட்கள் மூன்று பேர் ரப்பர் செருப்போடு குந்தி உட்கார்ந்து, ஒரு பழைய மண்வெட்டித் தகட்டில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கருஞ்சிவப்பாக, பெல்ட் மாதிரி நீளமாக, தட்டையாக ஒரு துண்டு. பதினான்கு வருடத்தில் அவள் அதை எந்தக் கடைத் தட்டிலும் பார்த்ததில்லை.

"இது எந்த இடத்துத் துண்டு டாட்டே?" என்று பெரியவரை மரியாதையாக அழைத்துக் கேட்டாள்.

மூவரில் மூத்தவர் ஹோசெப் நிமிர்ந்து பார்த்தார். "இதா? இது நாய்க்குப் போறது மேமே."

"நாய் நல்லாத்தான் சாப்பிடுது போலிருக்கு."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹோசெப்பும் சிரித்துவிட்டு, கத்தியால் நறுக்கி ஒரு துண்டை அவளிடம் நீட்டினார். தைமி வாயில் போட்டாள். ஈரலின் வாசம் லேசாக, நெஞ்செலும்புக் கறியின் கொழுப்பு லேசாக, நடுவில் நல்ல மாட்டுக் கறியின் ருசி. இரண்டு கடியில் கரைந்தது. பசியால்தான் அப்படி இருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

"விலாவுக்குள்ள, நுரையீரலுக்கும் வயித்துக்கும் நடுவுல திரை மாதிரி தொங்கும்," என்றார் ஹோசெப். "மாடு மூச்சு விடும்போது ஏறி இறங்குற சத. பாக்க அசிங்கமா இருக்குன்னு யாரும் வாங்க மாட்டாங்க. குடலோட சேத்துத் தள்ளிடுவோம்."

"அறுபது டாலருக்கு எவ்வளவு தருவீங்க?"

"ஒரு மாட்டுக்கு ரெண்டுதான் இருக்கும். நாங்க சுடுறது நேத்து எடுத்து வச்சது. இன்னிக்கு மூணு மாடு. ஆறையும் எடுத்துக்குங்க. மேல இருக்கற வெள்ளத் தோல உரிச்சிடுங்க, அது வேகாது. நெருப்பு பலமா இருக்கணும்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவரை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார். அவர் நறுக்கும்போது கத்தி எந்தப் பக்கமாக ஓடியது என்று தைமி கவனிக்கவில்லை. அவள் கண் முழுக்க இறைச்சியின் மேலேயே இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் அடுப்பு மூட்டினாள். தோலை உரித்தாள். பலமான நெருப்பில் மூன்று துண்டுகளைப் போட்டாள். வெந்ததும், எந்தக் கப்பானாக்காரரும் செய்வதைப் போல, நீளத் துண்டைப் பலகையில் வைத்து ஓர் ஓரத்திலிருந்து விரல் விரலாகக் குறுக்கே நறுக்கிக்கொண்டே போனாள். வாசனைக்கு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். முதலில் வந்தது டாக்ஸி ஓட்டும் எலியாசர். சந்தையில் அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

எலியாசர் மென்றான். கண்ணை மூடி மென்றான். இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி மென்றான்.

"மேமே தைமி," என்றான் கடைசியில், "என் வண்டிக்குப் பின்னாடி டயர் தேஞ்சு போச்சு. இதுல நாலு மீட்டர் பார்சல் குடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பினாள். இன்னொருவர் மரியாதைக்கு விழுங்கிவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டார். பத்து நிமிடத்தில் அடுப்பைச் சுற்றி ஒருவரும் இல்லை. அது மட்டுமா? போனவர்கள் வருகிறவர்களிடம் சொன்னார்கள். புதிதாக வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமலே ஃபிலேமோன் அடுப்புக்குத் திரும்பினார்கள்.

மணி பதினொன்றரை ஆயிற்று. ஃபிலேமோன் மைத்துனனை வரவழைத்திருந்தான். அவன் கையில் அளவு நாடாவோடு வந்து, தைமி நிற்கும்போதே அவள் பீப்பாயின் நீளத்தை அளந்தான்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு," என்றாள் தைமி.

"சும்மா அளந்து பாக்கறேன் மேமே."

தைமி தண்ணீர்க் கேனின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஏமாற்றிவிட்டாரா அந்த மனுஷன்? இல்லை, அவளே தின்று பார்த்தாளே! அதே துண்டு, அதே நெருப்பு. அவர் கையில் வெண்ணெய், இவள் கையில் கயிறா? ஆறிப்போன ஒரு விரலை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். அது குறுக்கே ஒடியவில்லை. முனையிலிருந்து முனைவரை நூல் நூலாகப் பிரிந்தது.

வாளியில் மிச்சமிருந்த பச்சைத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பெல்ட் போல நீளமான சதை. நீளமான சதையில் நார் நீளவாக்கில்தானே ஓடும்? எல்லாத் துண்டிலும் அப்படித்தான். இதில் அப்படி இல்லை. நார் முழுக்க அகலவாக்கில், சீப்பின் பல் போல, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடியது. அவள் குறுக்கே வெட்டியதாக நினைத்த ஒவ்வொரு வெட்டும் நாரோடு போன வெட்டு. வந்தவர்களுக்கு ஒரு விரல் நீளத்துக்கு அறுபடாத நாரைக் கொடுத்திருக்கிறாள்.

எழுந்தாள். மீதி மூன்று துண்டுகளையும் வலையில் போட்டாள். புகை எழும்பியது. மேலே கருகி உள்ளே சிவப்பு மாறாமல் இருக்கும்போதே எடுத்தாள். முதலில் கை அகலத்துக்குக் கட்டை கட்டையாக அறுத்தாள். ஒவ்வொரு கட்டையையும் கால் வட்டம் திருப்பி வைத்தாள். பிறகு கத்தியைச் சாய்த்து மெல்லிசாக நறுக்கினாள். ஒன்றை வாயில் போட்டாள். நேற்றுத் தின்ற அதே ருசி.

ஆனால் தின்ன ஆள் எங்கே? கூப்பிடக் கூடாது. மணி பன்னிரண்டே முக்கால். தைமி ஒரு கணம் நின்றாள். பிறகு பலகையோடு தூக்கிக்கொண்டு நேராக ஃபிலேமோன் அடுப்பைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"எலியாசர்! வாயைத் திற."

"ஐயோ மேமே, எனக்கு இன்னும் பத்து வருஷம் பல்லு வேணும்!"

"உன் பல்லுக்கு நான் பொறுப்பு. திறடா."

ஃபிலேமோன் இடுக்கியைக் கீழே போட்டான். "ஏய்! ஏய்! என் அடுப்புக்கு வந்து ஆள் பிடிக்கிறா பாருங்க! வெக்கம் இல்ல? இத்தன வருஷம் சந்தையில இருந்து இதத்தான் கத்துக்கிட்டியா?"

"இல்ல, வெக்கம் இல்ல," என்றாள் தைமி. "நேத்தோட தீந்து போச்சு."

கத்தலுக்குத் தக்காளி விற்கிறவர்கள் எழுந்து வந்தார்கள். டாக்ஸிக்காரர்கள் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு வந்தார்கள். அந்தக் களேபரத்தில் எலியாசர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். இரண்டு தடவை மென்றான், விழுங்கினான். கையை நீட்டி இன்னொரு துண்டு எடுத்தான். எலியாசர் பேசாமல் தின்றதைச் சந்தை அன்றுதான் பார்த்தது.

பத்துக் கை நீண்டது. தைமி பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அடுப்பை நோக்கிப் பின்வாங்கி நடந்தாள், கூட்டமும் அவளோடு நகர்ந்தது. செல்மா வந்தபோது தைமியின் அடுப்பைச் சுற்றித் தோளோடு தோள் உரச ஆள் நின்றது.

"இவ திருட்டுத்தனமா ஆள இழுத்துட்டுப் போனா!" என்றான் ஃபிலேமோன். "இது செல்லாது!"

செல்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஒரு துண்டு தின்றாள். விரலைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஆள் நிக்குது. இடம் அவளுக்குத்தான்," என்றாள். "ஆனா தைமி, நீ செஞ்சது தப்பு. நாளைக்கு எல்லாரும் பலகையைத் தூக்கிட்டு அடுத்தவன் அடுப்புக்குப் போனா சந்தை சண்டைக்காடு ஆயிடும். அதுக்கு அபராதம் இருக்கு. இது எந்தத் துண்டுன்னு ஃபிலேமோனுக்குச் சொல்லு. எங்க கிடைக்குது, என்ன விலை, எல்லாம்."

தைமி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். மாட்டுக்கு இரண்டே துண்டு. நாளைக்கு ஃபிலேமோன் அங்கே முந்திக்கொண்டு நிற்பான். நாளை மறுநாள் சந்தையில் அடுப்புப் போடும் இருபத்திரண்டு பேரும் நிற்பார்கள். விலை ஏறிவிடும். ஆனால் செல்மாவின் முகத்தில் பேரம் பேச இடமில்லை.

இறைச்சிக் கூடத்தின் பின்பக்கத்தைச் சொன்னாள். ஹோசெப் பெயரைச் சொன்னாள். தோலை உரிக்கச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?" என்றான் ஃபிலேமோன்.

"அவ்வளவுதான்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவனும் டயர் விற்கட்டும், காலையில் தான் பட்டதை அவனும் படட்டும் என்று தோன்றியது. ஆனால் காலையில் துப்பிவிட்டுப் போன அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. ஃபிலேமோன் அடுப்பிலும் ஒரு தடவை துப்பினால் அவள் இந்தத் துண்டை இனி யார் அடுப்பிலும் தொடமாட்டாள். தைமி அடுப்பிலும்தான்.

"கத்தியக் குடு," என்றாள் தைமி. மிச்சமிருந்த கடைசிக் கட்டையை அவன் எதிரே வைத்தாள். "நார் எங்க ஓடுது பார். நீளமா இருக்கேன்னு நம்பிடாத. இப்படி அறுத்து, இப்படித் திருப்பி, அப்புறம் நறுக்கு."

ஃபிலேமோன் குனிந்து பார்த்தான். மைத்துனன் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை அடுப்புச் சாம்பலை வாரும்போது தைமிக்கு இடம் இருந்தது. அது அடுத்த மூன்று நாளைக்கு. மறுநாளைக்குத் துண்டு கிடைக்குமா என்று தெரியாமல், இறைச்சிக் கூடம் திறக்குமுன் போய் நிற்க வேண்டும் என்று விடியும் நேரத்தைக் கணக்குப் போட்டபடி வீட்டுக்கு நடந்தாள்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்ல இறைச்சி வாங்க முடியாமல் கடை வாசலில் நின்று திரும்புகிற யாரையாவது பார்த்தால் தைமியின் கதையைச் சொல்லுங்கள். எந்தத் துண்டு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திருப்பி வைத்து நறுக்கியதையும் சொல்லுங்கள்.