பொன்னாடை போய்ச் சேர்ந்த தோள்

பெப்ரவரிக் குளிரில் மொன்றியலுக்குப் போகிறேன் என்றதும் டொரோண்டோ நண்பர்கள் என் உடல்நலத்தை விசாரித்தார்கள். போகக் காரணம் இருந்தது. மச்சான் சிவநேசனின் மகள் மதுரா அங்கே கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். அவளுடைய பயிற்சியாளர் ஓய்வுபெறுகிறார். அந்தச் சனிக்கிழமை அவருடைய கடைசிப் போட்டி. பெற்றோர் சார்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக மச்சான் முடிவுசெய்திருந்தார். பொன்னாடை என்றால் படம் எடுக்க ஒருவர் வேண்டும்.

சுமார் 540 கிலோமீட்டர். பேருந்தில் ஏழு மணி நேரம், 62 டொலர். ரயில் இன்னும் வேகமானது என்று அட்டவணை சொல்கிறது. வந்திறங்கியதும் ஆரஞ்சு வழி மெட்ரோவைப் பிடியுங்கள். இடையில் ஜான்-டலோன் சந்தையில் இறங்கலாம். குளிர்காலத்தில் பாதிக் கடைகள் இருக்காது, ருசி பார்க்க வைத்த ஆப்பிள் துண்டுகள் இருக்கும். கடைசி நிலையத்திலிருந்து மச்சான் வீடு பத்து நிமிட நடை. காற்று எதிரே அடித்தால் இருபது.

மதுரா முதல்நாள் இரவு கோச்சைப் பற்றிச் சொன்னாள். கறுப்புப் பிள்ளைகள் பாய்வார்கள், வெள்ளைப் பிள்ளைகள் யோசிப்பார்கள், எங்கள் பிள்ளைகள் ஓரத்தில் இருந்து புள்ளி எழுதுவார்கள் என்பது கல்லூரி விளையாட்டில் பலருடைய நம்பிக்கை. இவள் சேரப் போன அன்று யாரோ புள்ளித்தாளை நீட்டினார்களாம். கோச் அதை வாங்கி வைத்துவிட்டு, பந்தைத் தந்திருக்கிறார். இன்று அணியின் ஆட்டத்தை நடத்துபவள் அவள்தான்.

"ஆள் எப்பிடி?" என்று காரில் மச்சானைக் கேட்டேன்.

"அருமையான மனுசன். ஃபோனிலை கதைச்சனான். பிரெஞ்சு தண்ணி மாதிரி ஓடும்."

இரண்டு வருடமாக மகளைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்குகிறார். உள்ளே போனதில்லை. காரில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது.

அரங்கில், அணி உட்காரும் வாங்கருகே நரைத்த தலையும் நீலக் கோட்டுமாக உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் கைகட்டி நின்றார். பக்கத்தில் ஒரு கறுப்பர் குனிந்து, துவாயால் தரை ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் நேரே போய் வெள்ளைக்காரருக்குப் பொன்னாடை போர்த்திக் கைகூப்பினார். அவர் "மெர்சி, மெர்சி" என்று நெகிழ்ந்தார். நான் மூன்று படம் எடுத்தேன்.

மதுரா பந்தை விட்டுவிட்டு வந்தாள். "அப்பா, அவர் மற்ற டீமின்ரை பஸ் ஓட்டுறவர்."

"அப்ப கோச் எங்கை?"

"அங்கை. நிலம் துடைக்கிறார்."

கோச்சின் நிறத்தை அவள் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. தெரிந்ததை யார் கேட்பார்கள்?

"பேந்து ஃபோன் எடுத்துச் சொல்லுறன், பிள்ளை."

"பேந்து இல்லை. இண்டைக்குத்தான் அவற்றை கடைசி மேட்ச். இதை விட்டுட்டு நான் என்ன முகத்தோடை விளையாடுறது? இஞ்சை பிழை விட்டா கையை உயர்த்தி, என்ன பிழையெண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லவேணும். கோச்சும் அப்பிடித்தான். பிறகு எல்லாரும் ஒருக்காக் கை தட்டுவம். அதோடை சரி."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"வெள்ளைக்காரரைக் கண்டோடனை அவர்தான் கோச் எண்டு நினைச்சிட்டன். நிலம் துடைக்கிறவர் கோச்சா இருப்பாரெண்டு நினைக்கேல்லை. என்ரை பிழை."

மதுரா அதை ஒரு சொல்லும் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள். கோச் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ சொல்ல, பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். மதுரா அதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "முப்பது வருசமா எல்லாரும் தன்ரை உதவியாளருக்குத்தான் கை குடுக்கிறவை. பஸ் ஓட்டுறவர் வரைக்கும் போனது இதுதான் முதல் தரமாம்."

ஒரே ஒரு கைதட்டல், கூரை அதிர.

ஓட்டுநர் வெட்கத்தோடு பொன்னாடையைக் கழற்ற, கோச் தடுத்தார். பனியில் அத்தனை தூரம் ஓட்டிவந்தவருக்கு அது தகும் என்றார். வெறுங்கையோடு நின்ற மச்சான் கோச்சின் தோளிலிருந்த துவாயை எடுத்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை எங்கே ஈரம் கண்டாலும், நடுவர் விசில் அடித்ததும் அவர்தான் ஓடினார். மதுரா தந்த கடைசிப் பந்தில் வென்றார்கள். எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்காதீர்கள். மச்சான் என் முன்னால் துள்ளியதில் புள்ளிப் பலகை தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் இல்லை. சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள், தரை ஈரமாகும். கோச் யார் என்று விளையாடும் பிள்ளையிடம் கேளுங்கள். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது என்று தோன்றினால், கட்டாயம் கேளுங்கள்.