ஹார்ன் அடித்தால் அணையும் விளக்கு

வண்டிச் சாவி இரண்டு நாளாக அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

அது அக்காவின் கையில் இருக்க வேண்டிய சாவி. பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். சிறப்பு வகுப்பு முடிவதற்குள் எங்கள் ஊர் பஸ் போய்விடும். ஒரு வருடம் அப்பாவோடு மல்லுக்கட்டி இந்தப் பழைய காரை வாங்க வைத்தாள். ஓட்டிப் பழகி, கால்வாய்க் கரைச் சாலையில் தனியாகவே போய்வந்துகொண்டிருந்தாள். முந்தாநாள் பொழுது சாய்ந்த நேரத்தில் அதே சாலையில் வண்டி தடம் மாறி இறங்கி, கரையோரத்துப் பனங்கன்றில் முட்டி நின்றது. பனங்கன்றுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

"முன்னாடி வாத்துக் கூட்டம்ப்பா. ஹார்ன் அடிச்சேன், பொசுக்குன்னு லைட் போயிருச்சு."

அப்பா வண்டியை வாசலில் நிறுத்தி சுவிட்சைப் போட்டார். எதிர்ச் சுவர் பளீரென்று வெளுத்தது. அணைத்தார், போட்டார். மறுபடியும் வெளுத்தது.

"நல்லாத்தானே எரியுது. ஹார்னுக்கும் லைட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? வாத்தப் பாத்துப் பதறிட்டேன்னு சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த விளக்குகள் என் கைவேலை. முகப்பு விளக்கை எல்.இ.டி.யாக மாற்றியது, பம்பருக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்தது, கால் வைக்கும் இடத்தில் நீல வெளிச்சம் விட்டது எல்லாமே நான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வீடியோ பார்த்தே முடித்துவிட்ட பெருமை வேறு. அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தும், யோசிக்காமல் சொன்னேன்: "என் வயரிங்ல ஒண்ணும் இல்ல."

அப்பா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வித்துரலாம். நாளன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டியப் பாக்க ஆள் வரச் சொல்றேன்."

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. வழக்கமாக என்னைத் திட்டுவாள். இந்த முறை அதுவும் இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

அந்த நாளும் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் சாவியைக் கேட்டேன். "அஞ்சு மணி வரைக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

பானெட்டைத் திறந்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டேன், நன்றாக இருந்தது. நான் சுற்றிய டேப்பையெல்லாம் பிரித்தேன். ஒவ்வொரு இணைப்பையும் பிடித்து இழுத்தேன், ஆட்டினேன், வயரை முறுக்கினேன். விளக்கு அசையாமல் எரிந்தது. முழுதாகச் செத்த விளக்கென்றால் அரை மணி வேலை. இது நான் பார்க்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக எரிந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மணி மூன்றரை. நாலு. வியர்வையில், வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் கையிலிருந்து வழுக்கியது. அக்கா நிஜமாகவே பதறித்தான் இருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி இருந்தால் நல்லது என்றும் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே அசிங்கமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு என்னென்ன பண்ணியோ, அப்படியே பண்ணிக் காட்டுக்கா."

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"வாக்கா. மணியாகுது."

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்ஜினை ஓட விட்டாள், முகப்பு விளக்கைப் போட்டாள். "இங்க வாத்து" என்று சொல்லி ஹார்னை அழுத்தினாள்.

ஹார்ன் தொண்டை கட்டியதுபோல முனகியது. இரண்டு விளக்கும் அணைந்தன. அவள் கையை எடுத்த பிறகும் உடனே வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகுதான் வந்தன.

"இன்னொரு தடவ" என்றேன். 

மறுபடி அதேதான். அக்கா திரும்பிப் பார்க்காமல், "மூணு செகண்ட் சும்மாவாடா? அந்த ரோட்டுல?" என்றாள்.

பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகிற மின்சாரம், வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்கே திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எல்லோரும் எர்த்து என்கிறோம். இந்த வண்டியில் முகப்பு விளக்கு, ஹார்ன், நான் போட்ட அலங்காரம் எல்லாவற்றுக்கும் எர்த்து பானெட்டுக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு போல்ட். அங்கே வழி அடைத்திருந்தால் விளக்கு மட்டும் எரியும்போது எப்படியோ சமாளிக்கும். ஹார்னும் சேர்ந்தால் தாங்காது. அக்கா சொல்லியும், வாசலில் நிறுத்திய வண்டியில் நாங்கள் யாரும் ஹார்ன் அடித்துப் பார்க்கவில்லை.

மீட்டரின் ஒரு முனையை அந்த போல்ட் பிடித்திருந்த வயர் நுனி வளையத்திலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸ் பக்கத்திலும் வைத்தேன். "அடி." கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டிய இடத்தில் ஐந்து வோல்ட் என்று குதித்தது.

போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில், தகரத்தின் மேல், சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிப்போன மஞ்சள் பொருக்கு. நடுவில் சிவப்பு. ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு.

சந்தனம். குங்குமம்.

ஆயுத பூஜை அன்று நான் இதே போல்ட்டைக் கழற்றி என் வயரைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சூடம் ஏற்றுவதற்குள் நீல விளக்கு எரிந்தாக வேண்டும் என்று அவசரம். அம்மா தட்டோடு வந்து ஸ்டியரிங், டயர், பேட்டரி என்று வரிசையாகப் பொட்டு வைத்தாள். நான் சிரித்துக்கொண்டே, "இதுக்கும் ஒண்ணு வைம்மா, மொத்த வண்டிக்கும் எர்த்து இதுதான்" என்று போல்ட் இடத்தைக் காட்டினேன். அம்மா தாராளமாகவே வைத்தாள். அந்த ஈரத்தின் மேலேயே வளையங்களை வைத்து முறுக்கிவிட்டேன். அது கொஞ்சம் கொஞ்சமாகக் களிம்பேறி இப்போது வழியை அடைத்திருக்கிறது.

அப்பா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம்.

"எர்த்தா?" என்றார். வயலில் மோட்டார் வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆமாப்பா."

அம்மாவும் எட்டிப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "நான் வச்ச பொட்டாலயாடா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும்.

"நான்தாம்மா வைக்கச் சொன்னேன். நான்தான் தொடைக்காம முறுக்குனேன்."

"அப்பாவப் பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா, சீட்டிலிருந்து.

அப்பாவைப் பார்த்தேன். "அக்கா பதறலப்பா. லைட் நெஜமாவே போயிருக்கு. தப்பு என் வயரிங்ல."

அப்பா பானெட்டுக்குள் குனிந்தார். பொருக்கை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உப்புத்தாளால் தகரம் மினுங்கும்வரை தேய்த்தேன். என் வயரை வெட்டி எறிந்துவிட்டு, வண்டியோடு வந்த வளையத்தை மட்டும் வைத்து இறுக்கினேன். பானெட்டில் முதல் தூறல் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அப்பாவின் செல்போன் அடித்தது.

"ஆங், சொல்லுங்க. எங்க, ரேஷன் கடை முக்குலயா?"

அக்கா என்னைக் கேட்கவில்லை. விளக்கைப் போட்டாள். ஹார்னில் கையை வைத்து அழுத்தினாள். முழுத் தொண்டையில் அலறியது. கோழிகள் சிதறின. எதிர்ச் சுவரில் வெளிச்சம் அப்படியே நின்றது.

"வண்டி குடுக்கலங்க," அப்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "இல்லங்க, விக்கல! என்னது? ஹார்னுங்க, ஹார்ன்! நம்ம பொண்ணுதான்!"

பேசி முடித்து அவள் பக்கம் திரும்பினார். "போதும்மா."

"இன்னும் கொஞ்சம்ப்பா" என்றாள். கையை எடுக்கவில்லை.