மூலைத் தகட்டுக்கு ஓர் ஆள்

மன்னார் பட்டணத்துக்கு வெளியே, முன்பு ஐஸ் கட்டி ஆலையாக இருந்த தகரக் கொட்டகைக்குள் ஆண்டுக்கு ஒருமுறை ரோபோக்கள் சண்டை பிடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பிள்ளைகள் தாங்கள் செய்த ரோபோக்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். தடித்த பிளாஸ்டிக் சுவர் அடைத்த கூட்டுக்குள் விட்டு, வெளியே நின்று ரிமோட்டால் ஓட்டுவார்கள். ஒன்றின் வெட்டு அலகு மற்றதைக் கிழிக்கும்போது எல்லோருடைய கண்ணும் ரோபோவில் இருக்கும். அருள்நாயகியின் கண் மட்டும் தரையில் இருக்கும். கூட்டின் இரும்புத் தரை அவளுடைய பொறுப்பு.

தரை என்றால் லேசுப்பட்ட சாமான் இல்லை. தகடுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, விளிம்புகளை வெல்டிங்கால் ஒட்டிச் செய்தது. ஒரு விளிம்பு கொஞ்சம் எழும்பினாலும் போதும், நிலத்தோடு ஊர்ந்து வரும் ரோபோ அதில் மூக்கைக் கொடுத்துக் குப்புற விழும். மாதக்கணக்காக மினக்கெட்ட பிள்ளை நின்று அழும். அதனால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவள் உள்ளே போவாள். காந்தத்தால் இரும்புத் துண்டுகளைப் பொறுக்குவாள், பிசிறுகளைக் கிறைண்டரால் தேய்ப்பாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரை முழுக்க நடப்பாள். கண்ணுக்குத் தெரியாத மேடும் அவள் உள்ளங்காலுக்குத் தெரியும்.

வாசல் பக்கத்து மூலைத் தகடு மட்டும் அவளுக்கு அடங்காதது. வெயில் ஏறினால் முதுகை வளைக்கும். ஒட்டப் போனால் அந்தச் சூட்டில் இன்னும் எழும்பும். வெல்டிங் பிடிக்கும்போது யாராவது பாரமான ஆள் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும்.

அந்த ஆள் றெனால்ட், அவள் புருஷன்.

இருவரும் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, பிறகு ஊர் திரும்பி விடத்தல்தீவில் குடியேறியவர்கள். வெல்டிங் உண்மையில் றெனால்டின் தொழில். இந்தத் தரையைப் போடும் வேலை கிடைத்தபோது அவன் முதலில் அவளைத்தான் தகட்டில் ஏற்றினான். அவளோ நெத்தலி. ஏறி நின்று குதித்தும் பார்த்தாள். தகடு அசையவில்லை.

"நீ நிண்டால் தகடு சிரிக்குது," என்றான் அவன். "இந்தா, நீ ஒட்டு. நான் நிக்கிறன்."

அப்படித்தான் வெல்டிங் அவள் கைக்கு வந்தது. முகமூடியின் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் உலகமே இருட்டு. நெருப்பு விழுகிற இடமும், அந்த வெளிச்சத்தில் அவன் காலில் போட்டிருக்கும் இரண்டு சப்பாத்துகளும் மட்டும் தெரியும். "முன்னுக்கு," என்பாள், சப்பாத்து முன்னுக்கு வரும். "குதிகாலை அழுத்துங்கோ," என்பாள், தகடு சொன்னபடி படியும். வீட்டில் சொன்னதைக் கேட்காத மனுசன் தகட்டில் ஏறினால் எப்படிக் கேட்கிறான் பார் என்று அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே மூலைத் தகடு கிளம்பினால் நல்லது என்று நினைத்த நாட்களும் உண்டு.

வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்று அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். இரண்டு வருசம் என்றது நாலாகிவிட்டது. கூரை போட்டாயிற்று. அதன் கீழே அவள் தனியே படுத்தாள்.

மூலைத் தகட்டுக்கு மூன்று உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கி வைத்தாள். போட்டியை நடத்தும் பயிற்சி ஆசிரியர் அகிலன் வாய்க்கொழுப்புப் பிடித்தவர். "அக்கா, றெனால்ட் அண்ணையைத் தூக்கிக்கொண்டு வரட்டோ?" என்று மூட்டைகளைக் காட்டிக் கேட்பார். பிள்ளைகளும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். அவள் முறைப்பாள், ஆனால் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அந்தப் பெயரை யாராவது அவளுக்கு முன்னால் உரத்துச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. என்ன, மண்மூட்டை முன்னுக்கு வா என்றால் வராது. குதிகாலை அழுத்தாது.

போனில் அவன் தவறாமல் கேட்பான்.

"மூலைத் தகடு என்ன சொல்லுது?"

"உங்களைத்தான் கேக்குது," என்பாள். போனை வைத்த பிறகு, தான் சொல்ல வேண்டியதைத் தகட்டின் தலையில் கட்டிவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வரும்.

ஒவ்வொரு வருசமும், "இந்தமுறை போட்டிக்கு நான் நிப்பன்," என்பான். லீவு கிடைக்காது. இந்த வருசம் போட்டிக்கு முதல் நாள் உண்மையாகவே வந்துவிட்டான்.

மன்னார் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆளை அவள் முதலில் வேறு யாரோ என்று நினைத்தாள். வீடியோவில் தாடியைத்தான் பார்த்திருந்தாள். தாடிக்குக் கீழே இருந்த உடம்பைப் பார்க்கவில்லை. சேட்டு ஆணியில் கொழுவி விட்டதுபோலத் தொங்கியது.

"வயித்துக்குச் சரியில்லாமல் கொஞ்சநாள் கிடந்தனான். இப்ப சுகம்," என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே.

பாரை மீன் குழம்பு வைத்திருந்தாள். முந்தி சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவன், கொஞ்சம் கொறித்துவிட்டுக் கையைக் கழுவினான். "நாளைக்கு நான் நிப்பன். மூட்டைக்கெல்லாம் லீவு குடு," என்று சிரித்தான். அவள் சிரித்தாள். உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. நாலு வருசமாக இவன் வந்து தகட்டில் ஏற வேண்டும் என்று ஏங்கியவள், மடு மாதாவே, நாளைக்கு மட்டும் அந்தத் தகடு எழும்பக்கூடாது என்று நேர்ந்தாள்.

மறுநாள் மதியம் வரை மாதா காப்பாற்றினாள். இறுதிச் சண்டைக்கு முந்திய சண்டையில், சுழலும் அலகு ஒன்று நேரே மூலையில் போய் அடித்தது. ஒட்டு விட்டுப்போய், தகட்டு விளிம்பு உதடு பிதுக்கியதுபோல எழும்பி நின்றது.

அகிலன் மூட்டைக்கு ஆள் அனுப்பப் போனார். அதற்குள் றெனால்ட் பழைய சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டுக்குள் போய்விட்டான்.

ஏறி நின்றான். விளிம்பு அப்படியே நின்றது.

"முன்னுக்கு," என்றாள். வந்தான். "குதிகாலை அழுத்துங்கோ." அழுத்தினான். தகடு கொஞ்சம் இறங்கி, பாதியில் நின்றுவிட்டது. அவன் மெல்லக் குதித்தான். முன்பு அவள் குதித்ததைப் போலவே. சுவருக்கு வெளியே பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். எழும்பிய தகட்டில் அவளுக்குக் கோபமில்லை, இந்த மனுசனை இப்படித் தேய்த்து அனுப்பிய தூரத்தில்தான் கோபம்.

அவள் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், மூட்டைகளில் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

"என்ன இது?"

"உங்கட வேலையை இவ்வளவு நாளும் பார்த்தவர். றெனால்ட் எண்டு பேர்."

அகிலனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பிள்ளைகள். கடைசியில் மூட்டையைத் தோளில் சாய்த்தபடி றெனால்டும் சிரித்தான். சிரித்த குலுக்கத்தில் தகடு டக்கென்று படிந்தது.

"அசையாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு அவள் முகமூடியை இழுத்து மாட்டினாள். இருட்டு. நெருப்பு. அந்த வெளிச்சத்தில் இரண்டு சப்பாத்துகள், கணுக்காலில் தொளதொளவென்று, ஆனால் அவனுடையவை. கண்ணீர் முகமூடிக்குள் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒட்டு மட்டும் நேராகப் போனது.

முடிந்த பிறகும் அவள் குனிந்தபடியே இருந்தாள்.

"இறங்கட்டோ?" என்று கேட்டான் அவன்.

"இல்லை. ஒட்டு ஆறட்டும். அப்பிடியே நில்லுங்கோ."

ஒட்டு எப்போதோ ஆறிவிட்டிருந்தது. அது அவளைவிட நன்றாக அவனுக்குத் தெரியும். மூட்டையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவன் நின்றான்.