துணிக்கு அந்தப் பக்கம்

பத்துமலை கௌபாய் படம் பார்க்கும்போது சத்தத்தை முழுசாக அடைத்துவிடுவார். குதிரைகள் ஓடும், துப்பாக்கி புகை கக்கும், ஆட்கள் மாடியிலிருந்து உருண்டு விழுவார்கள், ஆனால் கைப்பேசியிலிருந்து ஒரு முனகல்கூட வராது. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பின் வாசலில் அவருக்கு ஜாகா வேலை, காவல்தான். மத்தியானம் கார்கள் வந்துபோவது குறைந்ததும் கைப்பேசியைத் தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"சத்தம் இல்லாம என்னத்தண்ணே பாக்குறீங்க? சரியில்லலா. உங்கள தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பான் கூட வேலை செய்யும் பவித்ரன். பேராக் மாநிலத்தில் யாரும் யாரையும் இப்படித்தான் கிண்டல் செய்வார்கள், அதில் விஷம் கிடையாது. பத்துமலையும் கேலிக்குக் கோபப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சுக்கு மட்டும் அவர் சிரித்ததே இல்லை. அவருடைய அண்ணன் ஐயாவு அங்கே மனநல ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், பல வருஷமாக.

சத்தத்தை அடைப்பதும் அந்த அண்ணனால்தான். சத்தம் அடங்கினால்தான் அண்ணனின் குரல் கேட்கும்.

இதை விளக்க வேண்டுமானால் பழைய கதைக்குப் போக வேண்டும். தாமான் இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். பத்துமலை பிறந்தது இதே மண்ணில், தொழிலாளர் லயத்து வீட்டில். இப்போது நீச்சல் குளம் இருக்கிற இடத்தில்தான் தோட்டத்துத் திடல் இருந்தது. காரில் வருகிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

மாசத்துக்கு ஒரு தரம் படக்காரன் வேன் வரும். திடலின் நடுவில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். துணிக்கு முன்னால் துரைக்கு ஒரு நாற்காலி, கணக்கெழுதும் கிராணிமார் குடும்பங்களுக்குப் பெஞ்சு. ரப்பர் பால்மரம் வெட்டுகிறவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றால் முன்னால் இருப்பவர்களின் தலைதான் தெரியும். அதனால் லயத்துச் சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு துணிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மெல்லிய துணிதானே, படம் அந்தப் பக்கமும் நன்றாகவே தெரியும். என்ன, எல்லாம் வலம் இடமாக மாறித் தெரியும். அதை யாரும் கவனிக்கவில்லை. மாறாத படத்தைப் பார்த்திருந்தால் அல்லவா மாறியது தெரியும்?

தமிழ்ப் படம் வந்தால் பிரச்சினை இல்லை. துரைக்குப் பிடித்தது கௌபாய் படம், அதனால் பாதி நாள் அதுதான் வரும். இங்கிலீஷ் பேச்சு. ஒலிபெருக்கியும் துரையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பின்பக்கம் கேட்பதெல்லாம் கொழகொழவென்று ஒரு சத்தம். அங்கேதான் ஐயாவு ராஜா. துணியை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, வருகிற ஆட்கள் அத்தனை பேருக்கும் குரல் கொடுப்பார். வாயசைவுக்குச் சரியாகத் தமிழ் வந்து விழும். கதாநாயகனுக்கு அவர் வைத்த பெயர் இடக்கையன். துப்பாக்கியை இடக்கையால்தானே எடுக்கிறான்! நிலத்தையெல்லாம் வளைத்துப்போடுகிற பணக்காரனுக்குப் பெரிய கிராணியின் குரல், மூக்கால் பேசுகிற குரல். அந்தக் குரல் வந்ததுமே சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். முன்பக்கம் நிஜமான பெரிய கிராணி உட்கார்ந்திருப்பார்.

சாராயக்கடையின் ஆட்டக் கதவைத் தள்ளிக்கொண்டு இடக்கையன் உள்ளே நுழைந்தால், "கதவச் சாத்துடா, தூசி வருது. நேத்து எறக்குன கள்ளு வேணாம், இன்னிக்கு எறக்குனத ஊத்து" என்பார் ஐயாவு. அவர்கள் குடித்தது என்ன சாராயமோ யாருக்குத் தெரியும். லயத்துக்காரர்களுக்கு அது கள்ளுக்கடைதான். ரயில் நிலையம் தெரியும், புழுதி தெரியும், முதலாளியின் ஆள் குதிரையில் வந்து மிரட்டுவது தெரியும். அது வேறு தேசம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சிரித்த சிரிப்பு அடங்கும்வரை ஐயாவு அடுத்த வசனத்தைச் சொல்லமாட்டார். அடங்கியதும் சரியான இடத்தில் பிடித்துக்கொள்வார். அந்த இடைவெளியில் மடியில் கிடக்கும் தம்பியின் தலையைத் தடவி, தன் சொந்தக் குரலில் மெதுவாகச் சொல்வார்: "நீ தூங்கு சின்னவனே. படம் முடிஞ்சதும் நான் தூக்கிட்டுப் போறேன்."

அந்தத் திடலில் பத்துமலை ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்தது கிடையாது. கண் விழித்தால் வீட்டில் பாயில் கிடப்பார்.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். படக்காரன் வருவது நின்றது. துணி போனது, கம்பங்கள் மட்டும் திடலில் நின்றன. ஐயாவு சாயங்காலங்களில் அந்தக் கம்பங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இல்லாத படத்துக்குக் குரல் கொடுத்தார். முதலில் நாலு பேர் கூட உட்கார்ந்து சிரித்தார்கள். கொஞ்ச நாளில் யாரும் போகவில்லை. அவர் நிறுத்தவில்லை. பால்காட்டில் மரத்துக்கு மரம் நின்று பேசினார். சிரிப்பு அடங்குவதற்காகக் காத்திருப்பார், சிரிக்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஒரு நாள் புதுத் துரையின் காரை மறித்து நின்று, இடுப்பில் இல்லாத துப்பாக்கியை இடக்கையால் உருவினார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நடுவில் சில தடவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் திடலைத் தேடிப் போய்விட்டார். திடலும் இல்லாமல் போன பிறகு பேச்சு குறைந்தது. கடைசியாக அவர் பேசியது பத்துமலைக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அண்ணே, நான்தான் பத்துமலை" என்று கையைப் பிடித்தபோது, அண்ணன் கையை உருவிக்கொண்டார். "நீ யாருயா? எங்க சின்னவன் சின்னப் பையன்லா" என்றார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

பத்துமலை ஈப்போவுக்கு லோரி ஓட்டப் போன புதிதில்தான் முதன்முதலாகக் கொட்டகையில், நாற்காலியில், முன்பக்கமாக உட்கார்ந்து கௌபாய் படம் பார்த்தார். கதாநாயகன் வலக்கையால் துப்பாக்கியை எடுத்தான். பத்துமலை எழுந்து நின்று, "ஆள மாத்திட்டானுங்க, இவன் வேற ஆளு" என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. விஷயம் புரிந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலக்கையனை இன்றுவரை அவர் முழுசாக நம்புவதில்லை.

ஆனால் படங்களை விடவில்லை. எத்தனையோ வகைப் படங்கள் வந்து போய்விட்டன, இவருக்கு இவைதான். "அப்படி என்னண்ணே இருக்கு அதுல?" என்று பவித்ரன் கேட்டால், "வர்றவனுக்குச் சொந்த ஊர் கிடையாது. யாரோ ஒருத்தன் நிலத்துல நின்னு சண்ட போடுவான், அவங்க நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருவான். அது பழசாகாது தம்பி" என்பார். இது பாதி உண்மை. மீதி உண்மை, சத்தத்தை அடைத்ததும் காதில் வந்து உட்காரும் அந்தக் குரல். நல்ல வெயிலில், ஜாகா கொட்டகைக்குள், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். சில நாள் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறார்.

இந்த வருஷம் அந்தக் குரல் தேய ஆரம்பித்தது. முதலில் பணக்காரனின் மூக்குக் குரல் போனது. பிறகு கள்ளுக்கடைக்காரனின் குரல். கதாநாயகனின் வாய் அசைகிறது, வார்த்தை தெரிகிறது, குரல் இல்லை. அம்மாவின் முகம் சுவரில் படமாக இருக்கிறது. அண்ணனின் குரலுக்கு உலகத்தில் எங்கேயும் பிரதி கிடையாது. அது அவர் காதில் மட்டும்தான் இருந்தது, அங்கேயும் அழிந்துகொண்டிருந்தது. போவதற்குள் அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது அவருக்கு.

கைப்பேசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் ஒரு கௌபாய் படத்தைப் போட்டுக் காட்டினார். ஐயாவு கொஞ்ச நேரம் பார்த்தார். கதாநாயகன் துப்பாக்கியில் கை வைத்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த முறையும் அப்படித்தான். பத்துமலைக்குக் காரணம் விளங்கவில்லை.

விளங்கியது விக்னேஸ்வரனின் முடிவெட்டும் கடையில். பத்துமலை கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், முதுகுக்குப் பின்னால் சுவரில் டிவி. விக்னேஸ்வரன் எதையோ தேடிக்கொண்டே ஒரு பழைய கௌபாய் படத்தில் நிறுத்தினான். கண்ணாடிக்குள் ஒருவன் ஆட்டக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். இடக்கையால் துப்பாக்கியை எடுத்தான்.

"கதவச் சாத்துடா" என்று காதோரம் அண்ணன் சொன்னது தெளிவாகக் கேட்டது. பத்துமலை பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டார்.

"என்னண்ணே, கத்தி பட்டுருச்சா?"

"இல்லப்பா. நான் அவருக்குத் தப்பான பக்கத்தக் காட்டிட்டேன்" என்றார் பத்துமலை. விக்னேஸ்வரன் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து மீதியை வெட்டி முடித்தான்.

அடுத்த முறை மகள் தினேஸ்வரி காரோட்ட, வீட்டுக் கண்ணாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போனார். வார்டு ஊழியர் கோகிலன் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "கண்ணாடி உள்ள போகாதுண்ணே. ஒடஞ்சா வம்பு." காரணத்தைக் கேட்டபின், கொஞ்சம் யோசித்து, கைகழுவுகிற இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரோடு பதித்த ஒரு பளபளப்பான எஃகுத் தகடு இருந்தது. ஆட்கள் முகம் பார்ப்பது அதில்தான். அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார். படத்தை வலம் இடமாக மாற்றக் கைப்பேசியிலேயே வழி இருக்கிறது என்று தினேஸ்வரி பிற்பாடு சொன்னாள். அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை, தோன்றாததும் நல்லதாகப் போயிற்று.

ஐயாவுவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மொட்டைத் தலை, முழங்காலில் இரண்டு கையும். பத்துமலை பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் டேப்லெட்டை நெஞ்சோடு சேர்த்துத் தகட்டைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டார். சத்தத்தை அடைத்தார். தகட்டுக்குள் புழுதி கிளம்பியது, குதிரை வந்தது.

ஐயாவு பார்த்துக்கொண்டே இருந்தார். கதாநாயகன் இறங்கினான், கதவைத் தள்ளினான். எதிரே ஒருவன் முறைக்க, இடக்கை இடுப்புக்குப் போனது. ஐயாவுவின் இடக்கை விரல்கள் முழங்காலில் அசைந்தன.

"தூசி வருதுடா" என்றார். தொண்டை கரகரத்தது. ஒரு தரம் செருமினார். "கதவச் சாத்து. நேத்து எறக்குன கள்ளு வேணாம்."

பத்துமலை டேப்லெட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதே குரல். வயதான உடம்புக்குள் வயதாகாமல் உட்கார்ந்திருந்த குரல். மூக்கால் பேசும் பணக்காரன் வந்தான், பெரிய கிராணியேதான். கோகிலன் பின்னால் நின்று பக்கென்று சிரித்தார், கைகழுவ வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐயாவு நிறுத்தினார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அடங்கியதும் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டார். தினேஸ்வரி அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

அண்ணன் குரலில் பத்துமலை தூங்காமல் முடிவுவரை பார்த்த முதல் படம் அது. இடக்கையன் குதிரை ஏறினான், திரும்பிப் பார்க்காமல் போனான். படம் முடிந்து திரை இருண்டது. இப்போது தகட்டில் தெரிந்தது இரண்டு கிழவர்கள் மட்டும்தான்.

ஐயாவு அவர்களை உற்றுப் பார்த்தார்.

"சின்னவனே" என்றார். "யாருடா இவனுங்க ரெண்டு பேரும்? படத்துல இவனுங்க கிடையாதே."

அண்ணே, அது நீங்களும் நானும்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷமாக அந்த உண்மையைச் சொல்லிச் சொல்லித்தான் அண்ணனை ஊமையாக்கினோமோ என்று அவருக்குப் பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அண்ணனைப் போல, தகட்டில் தெரிந்த முகங்களுக்கு அவரே ஒரு கதை கட்டினார்.

"வழிப்போக்கனுங்கண்ணே. தண்ணி குடிக்க வந்திருக்கானுங்க."

ஐயாவு அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வயசாயிட்டுதுலா, பாவம்" என்றார். "குடிச்சிட்டு, உக்காந்துட்டுப் போகட்டும்."

தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, தம்பியின் நரைத்த தலையைத் தேடிப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நீ தூங்கு சின்னவனே. படம் முடிஞ்சதும் நான் தூக்கிட்டுப் போறேன்."

பத்துமலை கண்ணை மூடிக்கொண்டார்.