டிராயரில் ஒரு புழு

சாக்கடையோரம் பிடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து, மைக்ரோஸ்கோப்பில் யானைக்கால் புழு தேடுவது என் வேலை. எங்கள் லேபுக்கு ஓர் ஒல்லிப் பெண், புழுவின் டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் மெஷினோடு வந்தாள். இருபது கொசுக்களை ஒன்றாக அரைப்பாள். புழு இருக்கிறதா என்று எனக்கு ஒரு வாரம் பிடிப்பதை மதியத்துக்குள் சொல்லிவிடுவாள். ட்யூபைத் திறக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சுக்காற்றுகூடச் சோதனையைக் கெடுத்துவிடுமாம். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவளே வந்து கேட்டாள்: “அண்ணா, நான் ஸ்கிரீன்ல கோடுதான் பாத்திருக்கேன். புழு நெஜமா எப்படி இருக்கும்?”

“இன்னாம்மா, நூல் மாதிரி இருக்கும், அவ்ளோதான்,” என்றேன்.

சாயம் ஏற்றிய புழு ஒன்று, ஸ்லைடில், என் டிராயரிலேயே இருந்தது. அவள் மாற்றலாகிப் போய்விட்டாள். டிராயரை இன்னும் பூட்டித்தான் வைக்கிறேன்.